மல்வானை: மேடும் பள்ளமும் அறிந்து வாழ்வோம்

கொழும்பிலிருந்து சுமார் 20 கிலோமீற்றர் தொலைவில், களனி கங்கையின் வடகரையில் அமைந்துள்ளது மல்வானை. கம்பஹா மாவட்டத்தின் பியகம பிரதேச செயலகப் பிரிவுக்குள் அடங்கும் ஊர் இது. ஆற்றுக்கு அப்பால் கொழும்பு மாவட்டத்தின் கடுவெல. ரம்புட்டானுக்குப் பெயர்போன மல்வானையை, 2016 மே மாதத்தின் பின்னர் வெள்ளத்தோடும் சேர்த்தே நாடு நினைவுகூர்கிறது. வெள்ளம் வந்தால் நிவாரணத்துக்கு ஓடுகின்ற நாம், வெள்ளம் வடிந்த பின் நம் நிலத்தைப் பற்றி யோசிப்பது குறைவு.

ஆறு இங்கே ஏன் பெருகுகிறது?

களனி கங்கையின் நீளம் சுமார் 145 கிலோமீற்றர். பாவாத மலை (சிவனொளிபாத மலை) சார்ந்த மத்திய மலைநாட்டில் உற்பத்தியாகி, கித்துல்கல, அவிசாவளை, ஹங்வெல்ல வழியாக வந்து கொழும்பின் வடக்கே கடலில் கலக்கிறது. மலையில் பாய்ந்து வரும் நீர், ஹங்வெல்லையைத் தாண்டியதும் ஏறத்தாழ சமதரையில் ஓடுகிறது. சரிவு இல்லாததால் வேகம் குறைகிறது. மேலிருந்து வரும் நீர் வடியும் நீரை விட அதிகமாகும்போது ஆறு கரை கடக்கிறது. மல்வானை இருப்பது அந்தச் சமதரையில்தான்.

"அணையைத் திறந்துவிட்டார்கள், அதனால்தான் வெள்ளம்" என்று நம்மில் பலர் சொல்வதுண்டு. காசல்ரீ, மவுசாகலை போன்ற நீர்த்தேக்கங்கள் மேல் மலைநாட்டில் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்டவை. தென்மேல் பருவ மழையின் பெரும்பகுதி அவற்றுக்குக் கீழே உள்ள சரிவுகளிலும் கொட்டுகிறது. அந்த நீரை மறிக்கும் பெரிய அணை எதுவும் இடையில் இல்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஆறு ஒவ்வொரு பெருக்கிலும் வண்டலைத் தன் கரையிலேயே முதலில் இறக்குகிறது. அதனால் கரையோரம் சற்று மேடாகவும், அதன் பின்னால் உள்ள வயலும் சதுப்பும் பள்ளமாகவும் அமைகின்றன. ஆறு நிரம்பினால் ஓடைகள் வடிய வழியின்றி அந்தப் பள்ளங்களில் தேங்கும். ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் வீட்டுக்குள் பின்வாசல் வழியாகத் தண்ணீர் நுழைவது இதனால்தான்.

மக்கள் குடியேறிய வரலாறு

ஆறு பெருந்தெருவாக இருந்த காலத்தில் மல்வானை முக்கியத்துவம் பெற்றிருந்தது. போர்த்துக்கேயத் தளபதிகள் இங்கிருந்து தாழ்நிலப் பகுதிகளை நிர்வகித்தனர். 1626இல் அவர்கள் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் தந்தது நாமறிந்த வரலாறு. அந்த ஆட்சியின் இருப்பிடமான ஊரில் இன்று ரக்ஸபான, உளஹிடிவல முதலிய கிராமங்களில் முஸ்லிம்கள் செறிந்து வாழ்கின்றனர். அயலில் சிங்களக் கிராமங்கள்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி கம்பஹா மாவட்ட மக்கள் தொகை சுமார் 23 இலட்சம். அப்போது கொழும்புக்கு அடுத்தபடியாக மக்கள் நிறைந்த மாவட்டமாக இதுவே இருந்தது. அதில் நாம் சிறு பங்கினரே. எனவே பள்ளிவாசலுக்கும் பாடசாலைக்கும் அண்மையில் இருக்கவே நம் குடும்பங்கள் விரும்புகின்றன. 1980களில் பியகமையில் ஏற்றுமதி வலயம் வந்தது. கொழும்பில் காணி விலையும் ஏறியது. கேள்வி கூட, தோட்டங்கள் பேர்ச் கணக்கில் துண்டாகின. மேட்டு நிலம் முடிந்ததும் வீடுகள் வயலுக்குள் இறங்கின. 1989 ஜூன் மாத வெள்ளத்தில் நீர் நின்ற பள்ளங்கள் சில, இன்று மதில் கட்டிய வளவுகள்.

ஒருவர் தம் காணியை மண் போட்டு உயர்த்தினால் அங்கு தேங்க வேண்டிய நீர் இல்லாமல் போய்விடாது, அயல்வீட்டுக்குச் செல்லும். பெரும்பாலும் அந்த அயல்வீடு வாடகைக் குடும்பத்தினுடையதாகவோ ஒரு விதவையினுடையதாகவோ இருக்கும். அயலவரின் உரிமை பற்றி மிம்பரில் பேசும் நாம், இதையும் அதில் சேர்த்தே பேச வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

காணி வாங்குமுன் 1989இலும் 2016இலும் அங்கே நீர் எவ்வளவு உயர்ந்தது என்று அவ்வூர் முதியவர்களிடம் விசாரிப்போம். நீர்ப்பாசனத் திணைக்களம் கித்துல்கல, கிளென்கோர்ஸ், ஹங்வெல்ல ஆகிய இடங்களின் நீர்மட்டத்தை அறிவிக்கிறது. மேலே உயரும் நீர் நம்மை வந்தடையச் சில மணி நேரம் எடுக்கும். பொருட்களை உயர்த்தவும் நோயாளிகளை வெளியேற்றவும் கிடைக்கும் அவகாசம் அதுவே. ஒவ்வொரு மஹல்லாவும் சந்தாப் பதிவேட்டில் வீட்டின் தாழ்வு, அங்குள்ள முதியோர், நோயாளிகள், குழந்தைகள் விவரத்தையும் சேர்த்தால், எந்த வீட்டுக்கு முதலில் படகு போக வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும். அயல் கிராமத்துச் சிங்களக் குடும்பங்களையும் அதில் சேர்த்துக்கொள்வது நம் கடமை.

எஞ்சியுள்ள வயல்களையும் சதுப்பையும் நிரப்பாமல் விடுவது இவை எல்லாவற்றிலும் முதன்மையானது. ஆற்றுக்கு உரிய இடத்தை ஆற்றுக்கே விட்டுவிட்டால், நம் பிள்ளைகள் இந்த ஊரில் நிம்மதியாக வாழ்வார்கள், இன்ஷா அல்லாஹ்.