செத்துப்போன பாடகர் மேடைக்கு வந்தார்!

அமெரிக்காவில் டெட்ராய்ட் என்று ஒரு நகரம். மோட்டார் கார் தொழிலுக்குப் பேர் போன ஊர். அங்கே பழைய கட்டடங்களை இடித்து, குப்பை வாரிப் பிழைத்த ஒரு கூலித் தொழிலாளியின் பாட்டுகளை, கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்கள் பாடினார்கள்.

இந்தச் சங்கதி அந்தத் தொழிலாளிக்கே தெரியாது! ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. இருபது ஆண்டுக்கு மேல் தெரியாது!

அவர் பெயர் சிக்ஸ்டோ ரோட்ரிகஸ்.

முதுகைக் காட்டிய பாடகர்

ரோட்ரிகஸ் 1942-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி பிறந்தார். மெக்சிகோவில் இருந்து பிழைக்க வந்த குடும்பம். ஆறாவது பிள்ளை என்பதால் "சிக்ஸ்டோ" என்று பெயர் வைத்தார்கள்.

வாலிப வயதில், கித்தாரும் கையுமாகச் சிறு மதுக்கடைகளில் பாடினார். கேட்பவர்களுக்கு முகத்தைக் காட்டமாட்டார். முதுகைக் காட்டிக்கொண்டே பாடுவார்!

வேலை இல்லாதவன், போதை மருந்துக்கு அடிமையானவன், ஏழைகளைக் கவனிக்காத நகர ஆட்சி: இவைதான் அவர் பாட்டில் வரும். நாட்டுப்பாடல் மெட்டோடு, இளைஞர்கள் விரும்பிய "ராக்" இசையைக் கலந்தார். தானே எழுதி, தானே பாடினார்.

1970-ல் "கோல்டு ஃபேக்ட்" என்ற இசைத்தட்டு வந்தது. 1971-ல் இன்னொன்று. அமெரிக்காவில் இரண்டும் விலை போகவில்லை. கம்பெனி அவரைக் கைவிட்டது.

ரோட்ரிகஸ் கடப்பாரையைக் கையில் எடுத்தார்.

கூலிக்காரர் படித்த தத்துவம்

கட்டட வேலைக்குச் சில நாள் அவர் கல்யாண மாப்பிள்ளை போலக் கோட்டு அணிந்து வருவாராம். கூட வேலை செய்தவர் சொல்கிறார். எந்த வேலையும் இழிவு அல்ல என்பது அவர் எண்ணம் போலும்.

வேலைக்கு நடுவே படித்து, 1981-ல் வெய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பட்டம் பெற்றார். ஏழைகளுக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று தேர்தலிலும் நின்றார். பல தடவை நின்றும் வெற்றி கிட்டவில்லை.

ஆஸ்திரேலியாவில் மட்டும் கொஞ்சம் ரசிகர்கள் இருந்தார்கள். 1979-லும் 1981-லும் அங்கே போய்ப் பாடினார். (பின்னால் வந்த சினிமா இதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. கதையின் சுவை குறையும் என்று நினைத்தார்களோ என்னவோ!)

தென்னாப்பிரிக்காவில்...

தென்னாப்பிரிக்காவில் அப்போது நிறவெறி ஆட்சி. கறுப்பர்களுக்கு ஓட்டு இல்லை. ஆட்சியைக் குறை சொன்னால் சிறை. வெள்ளைக்கார வாலிபர்களைக் கட்டாயமாக ராணுவத்தில் சேர்த்தார்கள்.

அந்த வாலிபர்கள் கையில் ரோட்ரிகஸின் இசைத்தட்டு கிடைத்தது. அதிகாரத்தை எதிர்த்து இப்படியும் பாடலாமா என்று வியந்தார்கள். ஒருவர் வாங்கியதைப் பத்துப் பேர் பதிவு செய்துகொண்டார்கள். அரசு வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பவே கூடாது என்று, தட்டின் மேல் கூரிய கருவியால் கீறி வைத்தது!

பாடியவர் யார்? எங்கே இருக்கிறார்? யாருக்கும் தெரியவில்லை. மேடையிலேயே தன்னைச் சுட்டுக்கொண்டு செத்தார் என்றார்கள். இல்லை, தீக்குளித்தார் என்றார்கள் வேறு சிலர்.

நிறவெறி ஆட்சி 1994-ல் முடிந்தது. அதன் பிறகு ஸ்டீபன் செகர்மன் என்ற ரசிகரும், ஒரு பத்திரிகையாளரும் துப்புத் துலக்கக் கிளம்பினார்கள். 1997-ல், பழைய இசைத்தட்டைத் தயாரித்தவரைத் தேடிப் பிடித்து, ரோட்ரிகஸ் எப்படி இறந்தார் என்று கேட்டார் பத்திரிகையாளர்.

அவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று பதில் வந்தது!

1998-ம் ஆண்டு மார்ச் மாதம் ரோட்ரிகஸ் தென்னாப்பிரிக்கா போனார். ஆறு கச்சேரிகள். ஆயிரக்கணக்கில் கூட்டம். மேடையில் அவரைக் கண்டதும் எழுந்த ஆரவாரம் அடங்க வெகு நேரம் ஆயிற்று. என்னை உயிரோடு வைத்திருந்ததற்கு நன்றி என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

பணம் எங்கே?

தென்னாப்பிரிக்காவில் 5 லட்சம் தட்டுகள் விற்றிருக்கும் என்று ஒரு கணக்கு. அந்தப் பணம் பாடியவர் கைக்கு வரவில்லை. அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டோம் என்றன அங்கே விற்ற கம்பெனிகள். பின்னர் வழக்கும் நடந்தது. பாடுபட்டவன் ஒருவன், பலன் அனுபவித்தவன் ஒருவன்!

கச்சேரியில் கிடைத்த பணத்தைச் சொந்தக்காரர்களுக்கும் சினேகிதர்களுக்கும் கொடுத்துவிட்டு, ரோட்ரிகஸ் மறுபடி கட்டட வேலைக்குப் போனார்.

2012-ல் அவர் கதை "சர்ச்சிங் ஃபார் சுகர் மேன்" என்ற படமாக வந்தது. மறு ஆண்டு ஆஸ்கார் பரிசு பெற்றது. பரிசளிப்பு விழாவுக்கு அவர் போகவில்லை. படம் எடுத்தவர்களுக்குச் சேரவேண்டிய புகழைத் தான் பங்கு போடக்கூடாது என்று வீட்டில் இருந்துவிட்டார்.

அதன் பிறகுதான் அமெரிக்கர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அதற்குள் வயது 70 ஆகிவிட்டது. கண் பார்வையும் மங்கிவிட்டது. கைத்தாங்கலாக மேடைக்கு வந்து பாடினார்.

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 8-ந் தேதி, 81-வது வயதில் ரோட்ரிகஸ் காலமானார். டெட்ராய்ட்டில் முன்பு ஏலத்தில் 50 டாலருக்கு வாங்கிய பழைய வீடு ஒன்று அவருக்கு இருந்தது. உலகம் சுற்றிப் பாடிய காலத்திலும், கச்சேரி முடிந்ததும் அந்த வீட்டுக்குத்தான் திரும்பிப் போவார்.