ஒற்றை நட்சத்திரத்தின் பின்னால் உள்ள சொற்கள்

‘நேற்றுவரை நன்றாக இருந்தது. அப்டேட் செய்தேன், திறக்கவே இல்லை.’ கைப்பேசியில் இப்படி ஒரு வரியைக் கோபத்தோடு எழுதி, ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டு நகர்ந்த அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த வரியை யாராவது படிப்பார்களா என்ற ஐயமும் கூடவே எழும். படிப்பவர்கள் இருக்கிறார்கள். மென்பொருள் பொறியியலில் அதற்கென்றே ஓர் ஆய்வுத் துறை வளர்ந்திருக்கிறது.

2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தனது ஆப் ஸ்டோரை ஏறக்குறைய 500 செயலிகளுடன் திறந்தது. மென்பொருளை வாங்கும் இடத்திலேயே, அடுத்து வாங்க வருபவரின் கண் முன்னால், குறையைப் பதிவுசெய்யும் வசதி அதன் வழியாகப் பரவலானது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, டென்னிஸ் பகானோ, வாலித் மாலெஜ் ஆகிய ஆய்வாளர்கள் அங்கு குவிந்திருந்த பத்து லட்சத்துக்கும் அதிகமான கருத்துகளை ஆராய்ந்தனர். புதிய பதிப்பு வெளியானவுடன் கருத்துகள் கொட்டுகின்றன. பின்னர் வேகமாக வற்றிவிடுகின்றன என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. பயனுள்ள யோசனையும் வெறும் வசையும் அங்கே அருகருகே கிடந்தன.

எண்ணிக்கையைவிட உள்ளடக்கத்தில் இறங்கிய ஆய்வு 2015இல் வெளியானது. ஹமத் காலித், எமத் ஷிஹாப், மெய்யப்பன் நாகப்பன், அகமத் ஹசன் ஆகியோரின் ஆய்வு அது. ஐபோனுக்கான 20 இலவசச் செயலிகளுக்கு வந்த, குறைந்த நட்சத்திரம் பெற்ற 6,390 கருத்துகளை அவர்கள் படித்து வகைப்படுத்தினார்கள். புகார்கள் 12 வகைகளில் அடங்கின. அடிக்கடி வந்தவை மூன்று: வேலை செய்யாத அம்சங்கள், இல்லாத வசதிக்கான கோரிக்கைகள், செயலி திடீரென்று மூடிக்கொள்வது. ஆனால் மதிப்பீட்டை மிக மோசமாகச் சரித்தவை இவை அல்ல. அந்தரங்கம், நெறிமுறை சார்ந்த புகார்களும் மறைமுகக் கட்டணமும்தான் அதைச் செய்தன.

இந்த வேறுபாடுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். செயலி நின்றுபோவது விபத்து; சலித்துக்கொண்டு மீண்டும் திறக்கிறோம். நம்மைக் கேட்காமல் நமது விவரங்களை எடுத்துக்கொள்வது துரோகம். 2013 டிசம்பரில், ஒரு டார்ச் விளக்குச் செயலி பயனர்களின் இருப்பிடத்தை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்துவந்ததற்காக, அதன் தயாரிப்பாளர்மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. புகார்களை எண்ணிக்கைப்படி மட்டும் அடுக்கிச் சரிசெய்யும் நிறுவனத்தின் கண்ணுக்கு இத்தகைய குறை கடைசியாகத்தான் படும்.

அதே ஆய்வில் 11 சதவீதக் கருத்துகள் அண்மைய அப்டேட்டைக் குற்றம்சாட்டின. ஆண்டுக்கணக்கில் திரண்ட சராசரி நட்சத்திரம், நேற்று கெட்டுப்போன செயலியைப் பற்றி எதுவும் சொல்லாது. கூகுள் நிறுவனம் 2019இல்தான் அண்மைய மதிப்பீடுகளுக்குக் கூடுதல் எடை கொடுக்கத் தொடங்கியது.

எல்லாக் கருத்துகளும் உதவுவதில்லை என்பதும் உண்மை. 2014இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு, செயலியை மேம்படுத்த நேரடியாக உதவும் கருத்துகள் சராசரியாக 35.1 சதவீதம்தான் என்று கண்டது. எஞ்சியவை ‘சூப்பர்’, ‘குப்பை’ ரகம். நெல்லையும் பதரையும் பிரிக்கக் கணினி நிரல்கள் எழுதப்படுவது இதனால்தான்.

பதில் சொல்வதால் பயன் உண்டா? கூகுள் பிளே ஸ்டோரின் 10,713 முன்னணிச் செயலிகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலான தயாரிப்பாளர்கள் பதிலே எழுதவில்லை. பதில் கிடைத்த நேர்வுகளில் 38.7 சதவீதத்தில் பயனர்கள் தமது மதிப்பீட்டை மாற்றினார்கள். அது பொதுவாக உயர்ந்தது. ஐபோன் செயலிகளின் தயாரிப்பாளர்களுக்குப் பதிலளிக்கும் வசதியே 2017இல்தான் கிடைத்தது.

இந்த ஆய்வுகளுக்கு அகப்படாதவர்களும் இருக்கிறார்கள். செயலியை ஓசையின்றி நீக்கிவிட்டுப் போனவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. பிரித்தறியும் நிரல்களில் பலவும் ஆங்கிலக் கருத்துகளைக் கொண்டே பயிற்றுவிக்கப்பட்டவை. ‘பணம் போச்சு, டிக்கெட் வரல’ என்று ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுபவரின் புகார் அவற்றுக்கு எளிதில் பிடிபடாது. அந்த வரிக்கு இன்னும் ஒரு மனிதர்தான் தேவைப்படுகிறார்.