மருந்தே நஞ்சானால் எங்கே முறையிடுவது?

சளி, இருமல் என்று மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கிய மருந்தின் குறைபாட்டால் ஒருவருக்குக் கேடு நேர்ந்தால், இழப்பீடு கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. மருந்தை டாக்டர் எழுதித் தந்திருந்தாலும் இந்த உரிமை மாறாது.

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்றால் ஸ்ரீபெரும்புதூருக்கு அடுத்து வருவது சுங்குவார்சத்திரம். அங்கே ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் தயாரித்த 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தைக் குடித்த மத்தியப் பிரதேசக் குழந்தைகள் 20-க்கும் மேற்பட்டோர் 2025-இல் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். எஸ்.ஆர்.-13 என்ற பேட்ச் மருந்தைத் தமிழக அரசு ஆய்வகம் சோதித்தது. 0.1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைகோல் அதில் 48.6 விழுக்காடு இருந்தது. அக்டோபரில் நிறுவனத்தின் உரிமம் ரத்தானது; உரிமையாளர் சென்னையில் கைதானார். இதே நச்சு 1972-இலும் சென்னையில் குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கிறது.

இத்தகைய குற்றத்துக்கு, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டம் பத்தாண்டு முதல் ஆயுள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. அபராதத் தொகையும் பாதிக்கப்பட்டவருக்கே, அவர் இறந்திருந்தால் உறவினருக்கே சேர வேண்டும். ஆனால் அந்த வழக்கைப் பெரும்பாலும் நடத்துவது அரசு. குடும்பம் தானே நேரடியாக இழப்பீடு கேட்க வழி தருவது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பொருளின் குறைபாட்டுக்குத் தயாரிப்பாளரையும், சில சூழல்களில் விற்பனையாளரையும் அது பொறுப்பாக்குகிறது.

எந்த நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவது என்பது மருந்துக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. நூறு ரூபாய் மருந்துக்கு எத்தனை லட்சம் இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம் போதும்; கட்டணமும் இல்லை. மனுதாரர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு தரலாம். ஆவடி, பூந்தமல்லி மக்களுக்கு அது திருவள்ளூர். அம்பத்தூர் வட்டம் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருப்பதால், அங்குள்ளவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது. கேடு நேர்ந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும்.

வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, மனுதாரரே வாதாடலாம். எதிர்த்தரப்பு பெரிய நிறுவனம் என்றால் வக்கீல் துணை தேவைப்படும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வக்கீல் கிடைப்பார். இதற்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இத்தனை வழி இருந்தும், வழக்கு நிற்பது சான்றின் மீது. பில் இல்லாமல் நான்கு மாத்திரை வாங்கும்போது, கடைக்காரரின் கத்தரி பேட்ச் எண் அச்சான ஓரத்தைப் பட்டையிலேயே விட்டுவிடும்; கையில் வருவது எந்தக் கம்பெனியின் எந்தத் தயாரிப்பு என்று காட்டச் சான்றே இராது. மீதி மருந்து இருந்தால்தான் ஆணையம் அதை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும். ஆகவே காய்ச்சல் மாத்திரைக்கும் பில் கேட்டு வாங்குங்கள். மருந்து குடித்தபின் உடல்நிலை மோசமானால், பாட்டிலைக் குப்பையில் போடாமல், இறுக மூடி, மருத்துவமனைச் சீட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.