சட்டைப் பையில் ஒரு திண்ணை

மாலை வேளையில் திண்ணையில் கூடிப் பேசுவது நம் பக்கத்து வழக்கம். அத்திண்ணை இன்று சட்டைப் பைக்குள் புகுந்து, காரைக்காலிலிருந்து மயிலாடுதுறை செல்லும் பேருந்திலும் நம்மோடு வருகிறது. வாட்ஸ்அப் குழு ஒன்றிலேனும் இல்லாத மாணவர் நம் கல்லூரியில் உண்டோ? ஆயினும், ஓடும் பேருந்திலிருந்து நண்பனுக்குச் செய்தி எவ்வாறு போய்ச் சேருகிறது என்று எண்ணிப் பார்த்தவர் சிலரே.

நிலத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோபுரம் நிறுத்தியிருக்கிறார்கள். அப்பகுதிக்குப் பெயர் 'செல்'. செல்பேசி என்ற பெயர் வந்ததும் அதனாலேயே. பேருந்து நகர நகர, ஒரு கோபுரம் நம்மை அடுத்ததன் கையில் ஒப்படைக்கிறது. தமிழ்நாட்டு எல்லையைக் கடந்தால் பெட்ரோல் விலை மாறும், பேச்சு அறுபடாது. தொலைத்தொடர்புக் கணக்கில் காரைக்கால் தமிழ்நாட்டு வட்டத்தையே சேர்ந்தது.

1995 ஜூலை 31 அன்று ஜோதிபாசு கொல்கத்தாவிலிருந்து டெல்லியிலிருந்த அமைச்சர் சுக்ராமிடம் பேசியதே நாட்டின் முதல் செல்பேசி அழைப்பு. அந்நாளில் நமக்கு வரும் அழைப்புக்கும் நாமே காசு கொடுக்க வேண்டும்! அரட்டைக்கு அது இடம் தருமா?

நாம் அனுப்பும் செய்தி நேரே நண்பனிடம் போவதில்லை. முதலில் நிறுவனத்தின் கணிப்பொறியை அடைகிறது. அதற்கு அடையாளம் ஒற்றைக் குறி. நண்பனின் கருவியைச் சேர்ந்ததும் இரண்டாம் குறி விழும். கருவி அணைந்திருந்தால் 30 நாள் வரை செய்தி காத்திருக்கும். 2016 முதல் செய்திகள் பூட்டியே அனுப்பப்படுவதால் இடையில் எவரும் படிக்க முடியாது. இது நன்மையே. ஆனால் பொய்யும் அவ்வாறே பூட்டிய உறையில் பயணம் செய்கிறது. 2018 மே மாதம், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பத்தாரை, பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியை நம்பிய கூட்டம் தாக்கியது. முதிய பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். வந்த செய்தியை ஒரே முறையில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் முன்னனுப்ப இயலாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது அதன் பிறகே, அவ்வாண்டு ஜூலையில்.

கடலோரத்தார்க்கு இன்னொன்றும் தெரியும். ஜிஎஸ்எம் முறையில் ஒரு கோபுரத்தின் எட்டம் மிஞ்சினால் 35 கிலோமீட்டர். கடலில் அதற்கு முன்பே அலை மெலிந்துவிடும். அப்பால் வி.எச்.எப். கருவிதான் துணை. மீனவக் குடும்பத்துத் தோழர் ஒருவர் விடுமுறை நாட்களில் தந்தையின் படகில் செல்வார். சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, படகு போன பின் காற்று எச்சரிக்கை வந்தது. "திரும்பி விடு" என்று எங்கள் குழுவே அவருக்கு எழுதியது. இரவு முழுவதும் ஒற்றைக் குறி. நான் நான்கு முறை எழுந்து பார்த்தேன். விடியற்காலை ஐந்து மணியளவில் இரண்டாம் குறி விழுந்தது. பதில் மட்டும் இல்லை. திங்களன்று வகுப்பில், "தூங்கிவிட்டேன்" என்றார்.