கண்ணுக்குள் ஒரு துளி இரத்தம்

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்" என்னும் பழமொழியை நான் வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். ஆனால் அதன் முழுப் பொருளையும் எனக்கு விளக்கியவன் பன்னிரண்டு வயது நிரம்பிய என் மாணவன் ஒருவன்தான். சில வருஷங்களுக்கு முன் நடந்த சம்பவம் அது.

ஒரு நாள் மாலை, விளையாட்டு நேரத்தில் பையன்கள் கிட்டிப்புள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஓங்கி அடித்த புள் எகிறிப் பறந்து, எதிரே நின்ற சிறுவனுடைய வலது கண்ணில் பட்டுவிட்டது. அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். கையை விலக்கிப் பார்த்தேன். காயமில்லை, இரத்தம் வழியவில்லை, இமை மட்டும் சற்று வீங்கியிருந்தது. "ஒன்றுமில்லையடா! குளிர்ந்த ஜலத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போ" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். "ஒன்றுமில்லை" என்பது சில சமயங்களில் எவ்வளவு அபாயமான வார்த்தை என்பதை அப்போது நான் அறியவில்லை.

வீட்டில் பக்கத்து வீட்டு அம்மாளிடம் தாய்ப்பால் வாங்கிக் கண்ணில் விட்டார்களாம். மறுநாள் வலி குறைந்தது. மூன்றாம் நாள் பையன் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டான். "தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, ஸார்!" என்று அவன் தகப்பனார் மகிழ்ந்தார். நானும் மகிழ்ந்தேன். நாலாம் நாள் விடியற்காலையில் பையன் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். வலது கண் அடியோடு தெரியவில்லை என்று அலறினான்.

ஜில்லாத் தலைநகரிலுள்ள கண் ஆஸ்பத்திரிக்கு அவர்களுடன் நானும் பஸ் ஏறினேன். பையனைப் பரிசோதித்த டாக்டர், "அடி பட்டது என்றைக்கு?" என்று கேட்டார். சொன்னோம். "இந்த நாலு நாளும் என்ன செய்தீர்கள்?" என்று மறுபடியும் கேட்டார். தகப்பனார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அன்று அந்த டாக்டர் பொறுமையுடன் எடுத்துக் கூறியவற்றையும், பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே எழுதுகிறேன். குழந்தைகள் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

* * *

கைக்கடிகாரத்தின் மேலே வளைந்த கண்ணாடி மூடி இருப்பதுபோல், நம் கண்ணின் முன்புறத்தில் தெளிந்த படலம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கார்னியா என்று பெயர். அதன் பின்னால் நிறமுள்ள ஒரு திரை. அதன் பெயர் ஐரிஸ். அத்திரையின் நடுவிலுள்ள துவாரமே நாம் கண்மணி என்று சொல்வது. கார்னியாவுக்கும் ஐரிஸுக்கும் இடையே ஒரு சின்னஞ்சிறு அறை இருக்கிறது. ஆழம் சுமார் 3 மில்லிமீட்டர்; அதில் அடங்கும் நீர் சுமார் கால் மில்லி. இந்த நீர் ஓயாமல் உள்ளே ஊறி, அறையின் ஓரத்திலுள்ள சல்லடை போன்ற வழியாக ஓயாமல் வெளியே வடிந்துகொண்டிருக்கிறது. வரவும் செலவும் சரியாக இருக்கும்வரையில் கண்ணின் அழுத்தமும் சரியாக இருக்கும்.

பந்தோ, புள்ளோ, கை முட்டியோ வேகமாக வந்து தாக்கும்போது, கண்விழி ஒரு கணம் முன்பின்னாக நசுங்கிப் பக்கவாட்டில் பிதுங்குகிறது. அப்போது ஐரிஸின் அடிப்பாகத்திலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் கிழிந்துபோகின்றன. கசியும் இரத்தம் முன்னறை நீரில் கலந்து, நாம் உட்கார்ந்திருக்கும்போது டம்ளரில் காப்பி மண்டி தங்குவதுபோல் அடியில் தங்குகிறது. இதையே வைத்தியர்கள் "ஹைபீமா" என்கிறார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான ஏமாற்றம் உண்டு. விழியின் வெள்ளைப் பகுதியில் இரத்தம் பரவிச் செக்கச் செவேலென்று காணும்போது வீடே நடுங்கும். அந்த இரத்தம் பெரும்பாலும் கண்ணின் மேற்புறத் தோலுக்கு அடியில் மட்டும் இருப்பது. இரண்டு வாரங்களில் தானே மறைந்துவிடும். உள்ளே இருக்கும் இரத்தமோ எளிதில் தெரிவதில்லை. அதிலும் நம்மவர்களுடைய கருநிற விழிகளில், அடியில் தங்கிய மெல்லிய சிவப்புக் கோட்டை வெறுங்கண்ணால் காண்பது மிகக் கடினம். பையனுடைய கண்ணில் முதல் நாளே அது இருந்திருக்க வேண்டும். நான் பார்த்தேன், ஆனால் காணவில்லை.

சரி, முதல் நாள் இல்லாத அபாயம் நாலாம் நாள் எங்கிருந்து வந்தது? கிழிந்த குழாயின் வாயை உறைந்த இரத்தம் அடைத்துக்கொள்கிறது. சில நாட்களில் அந்த அடைப்பு சுருங்கிக் கரையத் தொடங்குகிறது. அதற்குள் குழாய் நன்றாக ஆறாதிருந்தால் மீண்டும் இரத்தம் பெருகும். சாதாரணமாக இது நேர்வது அடிபட்ட இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள். இரண்டாவது பெருக்கு பல சமயங்களில் முதலாவதைவிட அதிகமாக இருக்கும். வலி குறைந்துவிட்டது என்று நாம் நிம்மதியடைகிற அதே நாட்கள்தான் இவை!

பெருகிய இரத்தம் வடிகாலை அடைத்துவிட்டால் கண்ணின் அழுத்தம் ஏறுகிறது. சாதாரணமாக 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டிய அழுத்தம் அதற்கு வெகுவாக மேலே போகும்போது, கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பு நலிகிறது. தலைவலியும் வாந்தியும் இதனால் வருபவை. வயிற்றுக் கோளாறு என்று எண்ணிக் கஷாயம் கொடுப்பவர்களும் உண்டு. அழுத்தம் நீடித்தால் இரத்தத்தின் சாயம் கார்னியாவில் ஏறி அது மங்கிவிடும். மீண்டும் தெளிய மாதங்கள், சில சமயம் வருஷங்கள்கூட ஆகும். சிறு குழந்தைகளாக இருந்தால், அந்த இடைக்காலத்தில் கண் பார்க்கும் பழக்கத்தையே இழந்துவிடக்கூடும்.

* * *

கண்ணின் முன்னறையில் நேர்வது இது. லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் பெரிய அறையிலும் அடியினால் இரத்தம் கசிவதுண்டு. அங்கே சுமார் 4 மில்லி அளவு, பாகு போன்ற தெளிந்த பொருள் நிறைந்திருக்கிறது. அதில் இரத்தம் கலந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது; வலியும் இராது. ஆனால் கண்ணுக்குரியவருக்கோ கறுப்பு நூல்களும், ஒட்டடையும், புகைமண்டலமும் மிதப்பதுபோல் தோன்றும்.

நார்வே தேசத்துப் பிரபல சித்திரக்காரர் எட்வர்ட் மூங்க் என்பவருக்கு 1930-இல் வலது கண்ணுக்குள் இரத்தம் கசிந்தது. அது அடியினால் வந்ததன்று. ஆயினும் தம் பார்வையில் மிதந்த நிழல்களையும், பறவை போன்ற கறுப்பு உருவங்களையும் அவர் அப்படியே சித்திரங்களாகத் தீட்டி வைத்தார். இந்த நோயின் அனுபவத்தை உள்ளிருந்தே காட்டும் அபூர்வச் சித்திரங்கள் அவை.

அடியினால் பார்வை இழந்தவர்களில் உலகப் பிரசித்தி பெற்றவர் அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட். 1901 முதல் 1909 வரை பதவி வகித்த அவருக்குக் குத்துச்சண்டையில் அபார மோகம். ஜனாதிபதி மாளிகையிலேயே பயிற்சி செய்யும்போது, ஓர் இளம் பீரங்கிப்படைக் காப்டன் விட்ட குத்து அவருடைய இடது கண்ணில் விழுந்து, உள்ளேயிருந்த இரத்தக் குழாய்களைச் சிதைத்துவிட்டது. நாளடைவில் அந்தக் கண்ணின் பார்வை மங்கிப்போயிற்று. அவர் அதை வெகு காலம் வெளியில் சொல்லவில்லை. 1913-இல் வெளிவந்த தமது சுயசரிதையில்தான் அதைக் குறிப்பிட்டார். அப்போதும் அந்தக் காப்டனுடைய பெயரை எழுதவில்லை.

ரூஸ்வெல்ட் காலத்தில் பின்னறை இரத்தம் தானே கரைவதற்குக் காத்திருப்பதைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை. 1970-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் மயாமி நகரத்தில் ராபர்ட் மாக்கெமர் என்ற டாக்டர், கண்ணின் பக்கவாட்டில் நுண்ணிய கருவியைச் செலுத்தி, இரத்தம் கலந்த பாகை வெட்டி உறிஞ்சியெடுக்கும் சத்திர சிகிச்சையைத் தொடங்கி வைத்தார். இன்று அக்கருவியின் பருமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இரத்தம் மறைத்துக்கொண்டிருக்கும் விழித்திரை கிழிந்திருக்கிறதா என்பதை ஒலியலைகளால் படமெடுத்தும் பார்த்துவிடுகிறார்கள். நம் நாட்டிலும் இவையெல்லாம் நடைபெறுகின்றன. கண்ணுக்கென்றே ஓர் ஆஸ்பத்திரி சென்னையில் 1819-லேயே தோன்றி, இன்றும் எழும்பூரில் நடந்து வருகிறது. ஆகவே வைத்திய வசதி இல்லை என்று நாம் சொல்வதற்கில்லை; உரிய நேரத்தில் போய்ச் சேர்வதில்தான் நம்முடைய குறை.

* * *

தாய்மார்களும் தகப்பன்மார்களும் என்னைப் போன்ற உபாத்தியாயர்களும் மனத்தில் கொள்ள வேண்டியவை சிலவே. கண்ணில் பலமாக அடி பட்டால், வெளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ கூடாது. துணியை இறுக்கிக் கட்டக் கூடாது. தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் எதுவும் விடக் கூடாது. விழி கிழிந்திருந்தால் அவற்றிலுள்ள கிருமிகள் உள்ளே சென்று கண்ணையே அழித்துவிடக்கூடும். வலிக்கு ஆஸ்பிரின் கொடுப்பது தவறு. அது இரத்தம் உறைவதைத் தடுக்கும். டாக்டர் ஓய்வு என்று சொன்னால், குழந்தை எவ்வளவு உற்சாகமாகத் துள்ளினாலும், முதல் வாரம் ஓட்டமும் விளையாட்டும் கூடாது. தலையைத் தலையணைகளால் நன்கு உயர்த்திப் படுக்க வைக்க வேண்டும். அப்போது இரத்தம் கீழே தங்கிப் பார்வைக்கு வழிவிடும்.

கடைசியாக ஒன்று. இரத்தம் முழுவதும் மறைந்து பார்வை திரும்பிய பிறகும் காரியம் முடிந்துவிடுவதில்லை. அடியினால் வடிகால் சிதைந்திருந்தால், பல வருஷங்களுக்குப் பின்னரும் சத்தமின்றி அழுத்தம் ஏறிக் கிளாகோமா நோய் வரலாம். ஆகையால் வருஷத்துக்கு ஒரு முறை கண்ணின் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்வது ஆயுள் முழுதும் அவசியம்.

என் மாணவனுக்கு மருந்தினால் அழுத்தம் இறங்கவில்லை. கார்னியாவின் ஓரத்தில் சிறு துவாரமிட்டு இரத்தத்தைக் கழுவி எடுத்தார்கள். கண் பிழைத்தது, ஆனால் நரம்பு சிறிது நலிந்துவிட்டது. இடது கண்ணை மூடிக்கொண்டால் கரும்பலகையின் எழுத்துக்கள் அவனுக்குப் புகைபோலத் தெரிந்தன. பள்ளிக்கூடத்தை விட்டுச் சென்ற பிறகும் ஒவ்வொரு வருஷமும் சோதனைக்குப் போகுமுன் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போகிறான். அவனோ அவன் பெற்றோர்களோ என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

இப்போதெல்லாம் எந்தப் பையன் கண்ணைப் பொத்திக்கொண்டு வந்தாலும் "ஒன்றுமில்லை" என்று நான் சொல்வதில்லை. "வா, டாக்டரிடம் போவோம்" என்று சொல்கிறேன். பல தடவை டாக்டர் பார்த்துவிட்டு, "ஒன்றுமில்லை" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவர் அவர்தான்.