வெற்றுச் சரத்தை வெட்டினால் எத்தனை துண்டு?

'மல்லி,சீரகம்,மிளகு' என்ற எழுத்துச் சரத்தைக் காற்புள்ளி உள்ள இடங்களில் வெட்டினால் மூன்று துண்டுகள் கிடைக்கும். இந்த வேலையைச் செய்யும் கட்டளைக்குப் பல நிரல்மொழிகளில் 'ஸ்பிளிட்' என்று பெயர். சரத்தில் ஓர் எழுத்துகூட இல்லையென்றால்? பூஜ்யம் துண்டு என்றுதான் தோன்றும். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, கோ ஆகியவை ஒன்று என்கின்றன. அந்த ஒன்றும் வெற்றுத் துண்டு.

இதில் பிழையில்லை. வாழைத்தண்டை இரண்டு இடத்தில் வெட்டினால் மூன்று துண்டு, வெட்டாமல் விட்டால் ஒன்று. காற்புள்ளிகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் துண்டுகளின் எண்ணிக்கை. அந்தக் கணக்கை இந்த மொழிகள் வெற்றுச் சரத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. ரூபியும் பெர்லுமோ வெற்றுப் பட்டியலையே தருகின்றன.

யார் சொல்வது சரி? துண்டுகளைத் திரும்ப ஒட்டிப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். ஒரே ஒரு வெற்றுத் துண்டுள்ள பட்டியலை ஒட்டினாலும் வெற்றுச் சரம்தான். எதுவுமே இல்லாத பட்டியலை ஒட்டினாலும் அதேதான். இரண்டில் எதிலிருந்து வந்தது என்ற தகவல் சரத்துக்குள் இல்லை. மொழி ஏதோ ஒன்றைத் தானே முடிவு செய்தாக வேண்டும்.

ஜாவாவின் போக்கு இன்னும் விசித்திரம். வெற்றுச் சரத்துக்கு ஒரு துண்டு தரும் அதே ஜாவா, ஒற்றைக் காற்புள்ளி மட்டும் உள்ள சரத்துக்குப் பூஜ்யம் தருகிறது! கடைசியில் வரும் வெற்றுத் துண்டுகளை அது உதறிவிடும். இங்கே இரண்டுமே வெற்று என்பதால் இரண்டும் போய்விடுகின்றன. காற்புள்ளியே இல்லாத சரத்தை மட்டும் அப்படியே திருப்பித் தரும். கட்டளையோடு துண்டுகளின் வரம்பாக -1 கொடுத்தால் உதறாது, இரண்டு துண்டும் வரும். பைத்தானிலும் ஒரு நுணுக்கம்: பிரிப்பான் எதுவும் சொல்லாவிட்டால் வெற்றிடங்களில் வெட்டும், அப்போது வெற்றுச் சரத்துக்கு விடை பூஜ்யம்.

நடைமுறையில் இது தொல்லை தரும். காற்புள்ளியிட்டு மின்னஞ்சல் முகவரிகள் கேட்கும் பெட்டியை ஒருவர் நிரப்பாமல் விட்டால், நிரல் 'ஒரு முகவரி' என்று எண்ணி, இல்லாத முகவரிக்கு அஞ்சல் அனுப்பப் பார்க்கும். வெட்டும் முன்பே சரம் வெற்றா என்று பார்த்துவிடுவதுதான் நல்லது. வெற்றுத் துண்டுகளை எல்லாம் களைந்துவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். முகவரிப் பட்டியலுக்கு அது சரிவரும். பெயர், தொலைபேசி, ஊர் என்று வரிசையாக வரும் தரவில் செய்தால், எண் தராதவரின் ஊர் தொலைபேசிக் கட்டத்தில் போய் விழும்.