கூடாரத்திலே மூன்று நாள் குடித்தனம்!

பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டாயிற்று. ஐயாவுக்கும் ஆபீசில் லீவு கிடைத்துவிட்டது. "இந்தத் தடவை ஓட்டல் வேண்டவே வேண்டாம். மலையிலே கூடாரம் அடித்துத் தங்கலாம்!" என்று குழந்தைகள் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். எல்லோருக்கும் விடுமுறை; எல்லோருக்கும் உற்சாகம். ஆனால் அம்மாவுக்கு?

வீட்டிலாவது குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. குமிழைத் திருப்பினால் நெருப்பு வருகிறது. மலையில் அதுவும் கிடையாது. குழந்தைகள் அருவியைப் பார்க்க, அப்பா ஆகாயத்தைப் பார்க்க, அம்மா மட்டும் அடுப்பைப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிற உல்லாசப் பிரயாணங்கள் எத்தனை! வீட்டுக்கு வந்து, "எப்படி இருந்தது மலை?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், "புகையாக இருந்தது" என்றுதான் அவள் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படி ஆக வேண்டிய அவசியமே இல்லை, அம்மணிகளே! புறப்படுவதற்கு முதல் நாள் வீட்டில் சற்று மெனக்கெட்டால், மலையில் ஒரு வேளைக்கு அரை மணி, முக்கால் மணிக்கு மேல் அடுப்படியில் நிற்க வேண்டியிராது. சாப்பாடும் ருசியாக இருக்கும். ஐந்து பேர் உள்ள குடும்பம், மூன்று நாள், இரண்டு ராத்திரி என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

எது தாங்கும், எது கெடும்?

வழிப்பயணத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு போவது நமக்குப் புதிது அல்ல. 'ஆற்றுணா' என்று அதற்குப் பழந்தமிழில் ஒரு பெயரே உண்டு. ஆடிப் பெருக்கன்று ஆற்றங்கரைக்குச் சித்திரான்னம் கொண்டுபோகிறோம் அல்லவா? அந்த அனுபவத்தில் நம் பாட்டிமார் கண்ட விதிகள் இன்றைக்கும் செல்லும். புளியும் எண்ணெயும் தாராளமாகச் சேர்ந்தது தாங்கும். தேங்காய் சேர்த்தது முதலில் ஊசிப் போகும். ஈரக் கரண்டி பட்டது எதுவானாலும் கெடும்.

இதற்குக் காரணமும் உண்டு. கிருமிகளுக்கு ஈரம் வேண்டும், வெதுவெதுப்பு வேண்டும். புளிப்பு அவற்றுக்கு ஆகாது. ஆகவேதான் புளியோதரை பிழைத்துக்கொள்கிறது. தேங்காய்ச் சாதம் பிழைப்பதில்லை.

வெறும் சோற்று விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். அரிசியில் இருக்கும் ஒரு வகைக் கிருமியின் விதைகள் கொதிக்கிற தண்ணீரிலும் சாவதில்லை. வடித்த சோறு சூடு குறைந்து வெதுவெதுப்பாக மூடிக் கிடக்கும்போது அவை விழித்துக்கொண்டு பெருகி நஞ்சைக் கக்குகின்றன. பிறகு அந்தச் சோற்றை எவ்வளவு சுட வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால், ஆஸ்பத்திரி மலைக்குக் கீழே இருபது மைல் தள்ளி இருக்கும்! ஆகையால், சோறு கட்டினால் தாம்பாளத்தில் பரப்பி நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள். அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மலையில் சமைக்கிற சோற்றை அந்தந்த வேளைக்கு மட்டும் சமையுங்கள்.

முதல் நாள்: கட்டுச் சாத வைபவம்

முதல் நாள் பகலுக்கு வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லலாம். புளியோதரையும் தயிர்ச் சாதமும் இருக்க வேறென்ன வேண்டும்?

புளிக்காய்ச்சலை ஒரு கிலோ அரிசிக்கு உரிய அளவாகவே செய்துவிடுங்கள். பாதி இன்றைக்கு, பாதி மூன்றாம் நாளைக்கு. 150 கிராம் புளியை வெந்நீரில் ஊறப்போட்டுக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். 200 மில்லி நல்லெண்ணெயைக் காயவைத்துக் கடுகு, கடலைப் பருப்பு, உளுத்தம் பருப்பு, ஒரு பிடி நிலக்கடலை, பத்துப் பன்னிரண்டு வற்றல் மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளியுங்கள். புளிக் கரைசல், மஞ்சள் பொடி, உப்பு சேர்த்து எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரையில் கொதிக்க விடுங்கள். தண்ணீர் சுண்டச் சுண்டத்தான் அது கெடாமல் நிற்கும். வறுத்த வெந்தயம், தனியா, எள்ளு மூன்றையும் பொடித்துப் போட்டு, சுண்டைக்காயளவு வெல்லமும் சேர்த்து இறக்குங்கள். மூன்றாம் நாளைய பங்கை ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றி மூடிவிடுங்கள்.

தயிர்ச் சாதத்துக்கு ஒரு யுக்தி. சாதத்தைக் குழைய வடித்து, உப்புப் போட்டு மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக விட்டுக் கலந்துகொள்ளுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் இரண்டு கரண்டி தயிர் சேருங்கள். காலையில் கலந்தால் பகல் சாப்பாட்டு வேளைக்குப் பதமாகத் தோய்ந்திருக்கும், புளிப்பும் இராது. ஒரு மாவடுவோ உப்பு நாரத்தங்காயோ கூட இருந்தால் மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு தலை சுற்றுகிறவர்களும் கை நீட்டுவார்கள்.

சாயங்காலத்துக்கு இட்லி. நன்றாக ஆறியபின் இரண்டு பக்கமும் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியைத் தடவி, வாட்டிய வாழையிலையில் கட்டுங்கள். சட்னி வேண்டாம். தேங்காயின் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே!

ராத்திரிக்குச் சுடச்சுட ஒரு சாதம், பருப்புப் பொடி, நெய், சுட்ட அப்பளம். துவரம் பருப்பு ஒரு டம்ளர், மிளகாய் ஆறு, மிளகு ஒரு ஸ்பூன், பெருங்காயம், உப்பு இவற்றை வீட்டிலேயே சிவக்க வறுத்துப் பொடித்துவிட்டால், மலையில் வேலை சோறு வடிப்பது மட்டும்தான். விறகு அடுப்பு மூட்ட அனுமதி உள்ள இடமானால், தணல் சாம்பலுக்குள் நாலு சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்துவிடுங்கள். அரை மணி கழித்துத் தோலை உரித்தால், ஓட்டல் பட்சணமெல்லாம் அதன் காலில் விழ வேண்டும்!

இரண்டாம் நாள்: மலைக்கு ஏற்ற பண்டம்

மலையில் பருப்பு வேகமாட்டேன் என்று அழும்பு செய்யும். விறகின் மேல் பழி போடாதீர்கள். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தண்ணீர் 100 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் ஏறக்குறைய 95 டிகிரி. 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் ஏறக்குறைய 93 டிகிரி. தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற மாதிரிதான் இருக்கும். உள்ளே சூடு போதாது. ஆகவே துவரம் பருப்பையும் கொண்டைக் கடலையையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். சீக்கிரம் வேகிற பாசிப் பருப்பைக் கொண்டுபோங்கள். சிறிய பிரஷர் குக்கர் ஒன்று காரில் இடம் பிடித்தாலும் பாதகமில்லை; பட்ட பாடு மிச்சம்.

காலையில் வெண்பொங்கல். அரிசி இரண்டு பங்கு, பாசிப் பருப்பு ஒரு பங்கு. இரண்டையும் கலந்து, வீட்டிலேயே லேசாக வறுத்து, மிளகு, சீரகம், உப்புடன் ஒரே டப்பாவில் போட்டுவிடுங்கள். மலையில் அதைத் தண்ணீரில் கொட்டி வேகவைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, நெய்யை ஊற்றி இறக்கினால் தீர்ந்தது. குளிர்ந்த காலை வேளையில் தொன்னையில் ஆவி பறக்கிற பொங்கலை ஏந்திக்கொண்டு மேகம் நகருவதைப் பார்த்தபடி சாப்பிட வேண்டும். அம்மாவும்தான்!

பகலுக்குச் சுண்டைக்காய் வற்றல் குழம்பு. இதுவும் வீட்டில் செய்து கொண்டுவந்ததே. வெங்காயமும் தேங்காயும் சேர்க்காமல், நல்லெண்ணெய் மிதக்கக் கொதிக்கவைத்து, மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் எடுத்துவாருங்கள். தினம் ஒரு தடவை கொதிக்கவைத்தால் போதும். சூடான சாதம் வடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ராத்திரி ரவை உப்புமா. ரவையை வறுத்து, கடுகு, உளுத்தம் பருப்பு, வற்றல் மிளகாய், மொறுமொறுப்பாகப் பொரித்த கறிவேப்பிலை, உப்பு, கொஞ்சம் சுக்குப் பொடி எல்லாவற்றையும் வீட்டிலேயே சேர்த்து ஆறவிட்டு டப்பாவில் அடைத்துவிடுங்கள். ஒரு டம்ளர் ரவைக் கலவைக்கு இரண்டரை டம்ளர் கொதிக்கிற தண்ணீர். பத்து நிமிஷத்தில் உப்புமா தயார். தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காயைச் சுட்டுப் பிசைந்து, கொஞ்சம் புளித் தண்ணீரும் பச்சை மிளகாயும் சேர்த்து ஒரு கொத்சு. உப்புமா என்றால் முகம் சுளிக்கிற பிள்ளைகளும் குளிரில் இரண்டாந்தரம் கேட்பார்கள்.

படுக்கப் போகுமுன் சுக்கு, மல்லி, கருப்பட்டி போட்ட ஒரு கஷாயக் காப்பி. பால் கெட்டுவிடுமே என்ற கவலையும் இல்லை.

மூன்றாம் நாள்: அடுப்பே வேண்டாம்

மூட்டை கட்டுகிற நாளில் காலை அடுப்பு மூட்டாதீர்கள். கெட்டி அவலைக் காய்ச்சி ஆறிய தண்ணீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து வடித்து, வெல்லத் தூளும் ஏலக்காயும் வாழைப்பழமும் சேர்த்துப் பிசறிக் கொடுங்கள். பகலுக்கு ஒரு சாதம் வடித்துப் பாட்டிலில் இருக்கும் புளிக்காய்ச்சலைக் கலந்துவிட்டால், பாத்திரம் கழுவிப் புறப்பட வேண்டியதுதான்.

முதல் நாள் பகல் சாப்பாடு போக, ஐந்து பேருக்கு அரிசி 2 கிலோ, ரவை அரைக் கிலோ, அவல் அரைக் கிலோ, பாசிப் பருப்பு 200 கிராம் போதும். ஒவ்வொரு வேளைக்கும் உரியதைத் தனித்தனியாகக் கட்டி, மேலே சீட்டு ஒட்டிவிடுங்கள். "உப்பு எங்கே? பெருங்காயம் எங்கே?" என்ற தேடலே பாதி வேலையைத் தின்றுவிடும்.

தண்ணீரும் நெருப்பும்

ஓடை நீர் பளிங்காக இருக்கிறதே என்று குடித்துவிடாதீர்கள். மேலே ஆடு மாடு இறங்கியிருக்கும். தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்கவைத்து ஆறவைத்தே குடிக்க வேண்டும். கொடைக்கானல், உதகமண்டலம் போல 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடமானால் மூன்று நிமிஷம்.

நெருப்பு விஷயத்தில் விளையாட்டே கூடாது. காப்புக் காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படியே குற்றம். 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத் தீ, மலையேறப் போயிருந்த இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலி கொண்டதை யார் மறக்க முடியும்? கோடையில் காய்ந்த புல்லில் தீப் பிடித்தால் ஓடித் தப்ப அவகாசம் இராது. ஆகவே கூடாரம் அடிக்க அனுமதி உள்ள இடத்தில்தான் தங்குங்கள். விறகு அடுப்புக்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சின்ன காஸ் அடுப்பே போதும். மேலே சொன்ன சமையல் அனைத்தும் அதில் ஆகிவிடும், கிழங்கு சுடுவதைத் தவிர.

விறகு மூட்டினால், பாத்திரத்தின் வெளிப்புறம் குழைத்த சாம்பலைப் பூசிவிட்டு ஏற்றுங்கள். கரி சுலபமாகப் போகும். வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, கையை அருகே வைத்தால் சூடே தெரியாத வரையில் அணையுங்கள்.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். குளிருகிறதே என்று தணல் சட்டியையோ காஸ் அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர்கள் தூங்கினபடியே போய்விடுவார்கள். குளிருக்கு இன்னொரு கம்பளி எடுத்துப் போங்கள்.

சாப்பாட்டு டப்பாக்களையும் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம். குரங்கு மோப்பம் பிடித்து வந்துவிடும். கொடைக்கானல் பக்கமானால் காட்டெருமையும் எட்டிப் பார்க்கும்! மூடி இறுக்கமான டப்பாக்களில் போட்டுக் காருக்குள் பூட்டிவிடுங்கள். குப்பையை ஒரு பையில் கட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு தடவை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை. அவை எதற்கு, வாழையிலையும் தொன்னையும் இருக்கும்போது?

ஐயா, உங்களுக்கும் ஒரு வார்த்தை

இந்தப் பக்கத்தை அம்மா படித்து முடித்ததும் நீங்களும் ஒரு தடவை படியுங்கள். டப்பாவைத் திறந்து கொதிக்கிற தண்ணீரில் கொட்டிக் கிளறுவதற்குப் பெரிய பாகசாஸ்திரம் ஒன்றும் தேவையில்லை. சீட்டும் ஒட்டியிருக்கிறது. இரண்டாம் நாள் ராத்திரி உப்புமாவை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளை தண்ணீர் கொண்டுவரட்டும். சின்னவள் இலை போடட்டும். கட்டி தட்டினாலும் பரவாயில்லை, யாரும் குறை சொல்லப்போவதில்லை. அந்த அரை மணி நேரத்தில் மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதை அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே நிம்மதியாகப் பார்க்கட்டும்.